மூன்று சனிக்கிழமைகளின் காயம்

எட்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் இருக்கும் தங்கைக்கு இன்னும் சரியாக விளங்கப்படுத்த முடியவில்லை. "பதினெட்டு வயதுப் பெடியள் விளையாடுறதைப் பாத்து, ஆர் முன்னுக்கு வருவான் எண்டு எழுதிக் குடுக்கிறன்" என்றால், "அதுக்கும் ஆள் வைச்சிருக்கினமோ?" என்று கேட்பாள். வைத்திருக்கிறார்கள்.

மெல்பேர்னில் குளிர்காலம் என்றால் ஃபுட்டி. முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். வருட முடிவில் பெரிய கழகங்கள் எல்லாம் முறை வைத்து, பள்ளிக்கூடம் முடிக்கிற வயதுப் பெடியன்களில் தங்களுக்கு வேண்டியவர்களைத் தெரிந்தெடுக்கும். அதற்குப் பெயர் டிராஃப்ட். எந்தக் கழகம் கூப்பிடுகிறதோ அங்கே போகவேண்டியதுதான். நகரத்தைத் தெரிவுசெய்யும் உரிமை விளையாடுகிறவனுக்கு இல்லை. பிழையான ஆளை எடுத்துவிட்டால் கழகத்துக்கு அந்த முறை வீண். அதனால்தான் சீசன் தொடங்கிய நாளிலிருந்தே எங்களைப் போன்றவர்கள் மைதானங்களின் வேலியோரத்தில் குளிரில் நிற்கிறோம்.

வாரநாட்களில் நான் மென்பொருள் சோதிக்கிறவன். மற்றவர்கள் எழுதியதில் எங்கேயோ பிழை இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் காலையில் கதிரையில் உட்காருவேன். கூட வேலை செய்தவரின் மகன் உள்ளூர் அணி ஒன்றில் விளையாடினான். அவனுக்காக ஒரு சீசன் முழுக்க வீடியோ எடுத்துக் கொடுத்தேன். வீடியோவோடு ஒவ்வொரு ஆட்டக்காரனைப் பற்றியும் நாலு வரி எழுதி வைப்பது என் பழக்கம். அந்த வரிகள் எப்படியோ ஒரு பெரிய கழகத்தின் தலைமைத் தேர்வாளரின் கைக்குப் போயிருக்கின்றன. அவர் என்னை ஒரு கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டுக் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "பதினான்காம் இலக்கத்தான் பந்து இல்லாத நேரத்தில் சோம்பேறி என்று எழுதியிருக்கிறாய். அதை எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"நான் பந்தைப் பாக்கிறதில்லை" என்றேன்.

அடுத்த கிழமையிலிருந்து அவரோடு வேலை.

அவர் முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியர். அறுபதைத் தாண்டியவர், வெள்ளைக்காரர். மற்றக் கழகத்துத் தேர்வாளர்களோடு சேர்ந்து நிற்கமாட்டார். வேலிக்கு வெளியே காரை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, பிளாஸ்க்கும் தொலைநோக்கியுமாக உள்ளேயே இருப்பார். நாங்கள் யாரைப் பார்க்கிறோம் என்று மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்பது அவர் சட்டம். பார்க்க வந்த பெடியன் வடக்குப் பக்கம் விளையாடினால் நான் தெற்குப் பக்கம் போய் நின்று குறிப்பெழுதுவதுபோல் பாவனை செய்யவேண்டும். மற்றவர்களும் அதையே செய்தார்கள். சில மைதானங்களில் ஆறேழு பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு மூலையில் நின்று, ஒருவரும் பார்க்க வராத ஒருவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பயிற்சியாளர் சொல்வதை நம்பக்கூடாது, அவர் தன் ஆட்டக்காரனை விற்கப் பார்ப்பார். பெற்றோர் சொல்வதை நம்பவே கூடாது. ஆட்டக்காரன் சொல்வதை அவன் களைத்திருக்கும்போது மட்டும் நம்பலாம். இவையெல்லாம் அவர் எனக்குச் சொன்னவை. எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. சந்தேகப்படுவது எனக்குச் சோறு தின்பதுபோல.

ஐந்தாவது வருடம் என்று நினைக்கிறேன். டண்டினோங் பக்கத்தில் ஒரு மைதானம். ஆட்டம் தொடங்குமுன் கொடுத்த பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் மற்றப் பெயர்களைவிட இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. படித்த உடனே தெரிந்தது, எங்கள் ஆள். கீழே உயரம், எடை, பின்வரிசை. பின்வரிசைக்காரன் என்றால் கோல் அடிக்கிறவன் அல்ல, எதிராளியை அடிக்கவிடாமல் பார்க்கிறவன்.

தமிழ்ப் பெடியன் ஒருவனை அந்த மட்டத்தில் நான் கண்டதில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள், பதினோராம் வகுப்போடு அதுவும் நின்று டியூஷனுக்குப் போவார்கள். இவன் ஒல்லி, நீண்ட கை, முகத்தில் ஒன்றும் தெரியாத ஆள். எதிராளி பந்துக்குப் பாயுமுன் இவன் ஒரு அடி முன்னால் போய் நின்றுகொண்டிருந்தான். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். வலக்கால் உதை நல்லது. இடக்கால் உதை மோசம். அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதை மறைக்கப் பட்ட பாடு எனக்கு வேலியோரத்திலிருந்தே தெரிந்தது.

அறிக்கையில் நல்லதாகவே எழுதினேன். தலைமைத் தேர்வாளர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"உன் நாட்டுப் பெடியனா?"

"இஞ்சை பிறந்தவன். தாய் தகப்பன் எங்கடை ஆக்கள்."

"அப்படியென்றால் நீ அவனை ஏற்றி எழுதுகிறாயா, இறக்கி எழுதுகிறாயா?"

"ரெண்டும் இல்லை."

"இரண்டில் ஒன்று நடக்கும்" என்றார். "எது என்று நீயே பார்த்துக்கொள்."

கோபம் வந்தது. ஆனால் அன்று வீட்டுக்குப் போய் அந்த அறிக்கையைத் திரும்பத் திறந்து, "மிகச் சிறந்த" என்று எழுதியிருந்த இடத்தில் "நல்ல" என்று மாற்றினேன். இப்போது யோசித்தால், எல்லாம் அங்கேதான் தொடங்கியது போலிருக்கிறது.

சீசனின் நடுவில் அவன் மூன்று சனிக்கிழமை விளையாடவில்லை. பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே ஹாம்ஸ்ட்ரிங் என்று போட்டிருந்தது. தொடையின் பின்பக்கத் தசை இழுபடுவது. ஓடுகிறவர்களுக்கு அடிக்கடி வருகிற காயம். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாலாவது கிழமை திரும்பி வந்தான்.

அந்தக் காயத்திலிருந்து வருகிறவன் முதல் ஆட்டத்தில் எப்படி ஓடுவான் என்று எனக்குத் தெரியும். முழு வேகத்துக்குப் போகுமுன் ஒரு கணம் யோசிப்பான். ஓடிக்கொண்டே குனிந்து நிலத்துப் பந்தை எடுக்கும்போது முழங்காலைச் சற்று மடக்கித் தசையைக் காப்பாற்றுவான். அவன் யோசிக்கவில்லை, காப்பாற்றவும் இல்லை. முதல் நிமிடத்திலேயே முழு வேகத்தில் குனிந்து ஒற்றைக் கையால் பந்தை அள்ளிக்கொண்டு போனான். வீட்டில் அந்த வீடியோவைப் பத்துத் தடவையாவது ஓடவிட்டுப் பார்த்திருப்பேன். அடுத்த கிழமை, போகிற போக்கில் கேட்பதுபோல் அவன் பயிற்சியாளரிடம் எந்தக் கால் என்று கேட்டேன். வலது என்றார். கால்களுக்குப் பட்டி சுற்றிவிடும் பெண்ணிடம் கேட்டேன். இடது என்று நினைக்கிறேன் என்றாள்.

காயத்தை மறைக்கிற பெடியன்களை நிறையக் கண்டிருக்கிறேன். இல்லாத காயத்தைக் காட்டுகிறவனை முதல்முறை கண்டேன். தலைமைத் தேர்வாளருக்குச் சொன்னேன். அவர் பிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு, "அப்ப அந்த மூன்று கிழமையும் எங்கே இருந்தான்?" என்றார்.

ஓகஸ்ட் கடைசியில் அவன் வீட்டுக்குப் போனோம். டிராஃப்டுக்கு முன் கழகத்துக்காரர் வீட்டுக்கே போய்ப் பெடியனையும் குடும்பத்தையும் பார்ப்பது வழக்கம். நோபல் பார்க்கில் செங்கல் வீடு. தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். தாய் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். நாங்கள் வருவதற்காக ஷிப்டை மாற்றியிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். என்னைக் கண்டவுடன் முகம் மலரும் என்று நினைத்தேன். கதவைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் வழிவிட்டார்.

"தம்பி ஊரிலை எவ்விடம்?"

"யாழ்ப்பாணப் பக்கம், அக்கா."

"யாழ்ப்பாணத்திலை எவ்விடம்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் சாதி, சொந்தம் என்று வேறு பல கேள்விகள் வரிசையில் நிற்கும் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சிரித்து மழுப்பினேன். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பவில்லை.

தலைமைத் தேர்வாளர் சோபாவில் உட்கார்ந்து, படிப்பைப் பற்றி, நித்திரையைப் பற்றி, நண்பர்களைப் பற்றிச் சுற்றி வந்தார். பெடியன் அளவாகப் பதில் சொன்னான். பிறகு, கேட்கவேண்டியது இதுதான் என்று தெரியாத மாதிரி, "அந்த மூன்று கிழமை எப்படிப் போனது?" என்றார்.

"ஹாமி" என்று ஹாம்ஸ்ட்ரிங்கைச் சுருக்கிச் சொன்னான் அவன்.

"எந்தக் கால்?"

அவன் வாயைத் திறக்குமுன் தாய் எழுந்தார். "வா, இந்தத் தட்டைப் பிடி" என்று அவனைக் குசினிக்குள் கூட்டிப்போனார். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் கதவு இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மாமான்ரை கதை ஒண்டும் எடுக்காதை. கால் எண்டு சொன்னால் கால்தான்."

திரும்பி வந்தபோது தட்டில் ரோல்ஸ் இருந்தது, அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. "வலது" என்றான்.

காரில் ஏறி முதல் சந்தியில் திரும்பினோம். தலைமைத் தேர்வாளர் கேட்டார்: "குசினிக்குள் என்ன சொன்னாள்?"

"ரோல்ஸ் சூடு காணாது எண்டவ."

அவர் சாலையைப் பார்த்தபடியே இருந்தார். "உங்கள் மொழியில் அதைச் சொல்ல அவ்வளவு நேரம் பிடிக்குமா?"

பொய் சொன்னேன். ஏன் என்று கேட்டால், அந்த அக்கா எனக்குக் கேட்கும் என்று தெரிந்தும் தமிழில் பேசியதால் என்றுதான் சொல்லமுடியும். அந்த வீட்டில் அதை மறைக்க வேறு மொழி அவருக்கு இருக்கவில்லை. ஆனால் பொய்யைச் சொல்லி முடித்த கணத்திலிருந்தே பயம் பிடித்துக்கொண்டது. அந்த மாமன் யார்? என்ன செய்தவர்? போதைப்பொருளா, அடிதடியா? கழகம் அவனை எடுத்த பிறகு ஏதாவது பேப்பரில் வந்தால், அன்று அந்த வீட்டுக்குப் போனவர்களில் தமிழ் விளங்கியவன் நான் ஒருவன்தான் என்று தலைமைத் தேர்வாளருக்கு ஞாபகம் வரும். என் ஆள் என்பதால் மூடி மறைத்தேன் என்பார்கள். அதற்குப் பிறகு என் எந்த வரியை யார் நம்புவார்கள்?

அதனால் விசாரித்தேன். வெள்ளிக்கிழமை கோவிலில் எல்லோரையும் தெரிந்த ஒரு அன்ரி இருக்கிறார். செருப்பு வைக்கிற இடத்தில் பிடித்தேன். அந்தப் பெடியனின் பெயரைச் சொல்லி, குடும்பம் எப்படி என்று கேட்டேன். கல்யாணப் பேச்சுக்கு விசாரிக்கிறேன் என்று நினைத்திருப்பார். பெடியனுக்கு வயது காணாது என்று சிரித்தார். பிறகு கிட்ட வந்து சொன்னார்:

"நல்ல ஆக்கள்தான் தம்பி. ஆனால் அவவின்ரை தம்பி உள்ளுக்கை. ரெண்டு வருசத்துக்கு மேலை இருக்கும்."

"என்ன கேஸ்?"

"ஆருக்குத் தெரியும்? அவை வாய் திறக்கமாட்டினம்."

உள்ளுக்கை என்றால் சிறை. எனக்கு வேறு அர்த்தமே தோன்றவில்லை. நான் மாணவர் விசாவில் விமானத்தில் வந்து இறங்கியவன். பிறகு வேலை விசா, நிரந்தர வதிவிடம், குடியுரிமை என்று ஒவ்வொரு படியாக ஏறியவன். எந்த அலுவலகத்திலும் வரிசையில் நின்றதைத் தவிர வேறு கஷ்டம் பட்டதில்லை. படகில் வந்தவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தியில் பார்த்தவை.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கையில் மூன்று வசனம் சேர்த்தேன். மூன்று வாரக் காயம் உண்மையல்ல. தாயின் சகோதரர் சிறையில் இருப்பதாகத் தகவல். குடும்பம் மறைக்கிறது. அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது மனம் லேசாகியது. நேர்மையாக நடந்துகொண்டேன் என்று நினைத்தேன்.

கழக அலுவலகத்தில் வெள்ளைப் பலகை ஒன்று இருக்கும். ஒவ்வொரு பெடியன் பெயரும் காந்தப் பட்டியில் ஒட்டி, நாங்கள் விரும்புகிற வரிசையில் மேலிருந்து கீழே இருக்கும். அவன் பெயர் நடுவில் இருந்தது. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் தலைமைத் தேர்வாளர் என் அறிக்கையைப் படித்தார். எழுந்து போய் ஒற்றை விரலால் அந்தப் பட்டியைப் பலகையின் அடிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டோம்.

ஒக்டோபரில் சோதனை நாள். தெரிந்தெடுத்த பெடியன்களை ஒரு உள்ளரங்கில் கூட்டி ஓடவிட்டு, பாயவிட்டு, அளந்து பார்ப்பார்கள். ஓட்டத்தை வீடியோ எடுக்கும் வேலை எனக்கு. அவன் ஓடினான், நன்றாகவே ஓடினான். மத்தியானம் வெளியே தண்ணீர்க் குழாயடியில் தனியாக நின்று போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தான். களைத்திருந்தான். நான் கிட்டப் போய்த் தமிழில் கேட்டேன்.

"தம்பி, எந்தக் கால்?"

அவன் குழாயை மூடினான். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "இரண்டும் இல்லை அங்கிள்" என்றான்.

அவனாகவே தொடர்ந்தான்.

"என் மாமா வில்லாவுட்டில் இருக்கிறார். திருப்பி அனுப்பப்போகிறோம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். அம்மா சிட்னி வரைக்கும் தனியாகக் கார் ஓடமாட்டா. அப்பாவுக்கு லீவு இல்லை. நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன்."

"மூண்டு கிழமையுமோ?"

"வெள்ளி மத்தியானம் வெளிக்கிட்டு ஞாயிறு இரவு வருவோம். இனிப் பார்க்கக் கிடைக்காதோ என்று அம்மாவுக்குப் பயம்."

வில்லாவுட். படகில் வந்தவர்களை அடைத்து வைக்கும் குடிவரவுத் தடுப்பு முகாம். உள்ளுக்கை. அன்ரி சொன்னது இதைத்தான்.

"கோச்சிட்டை உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"இந்த நாட்டில் வாயால் சொல்வதை எல்லாம் ஆரோ எழுதிக்கொள்வார்கள் என்று அம்மா சொன்னா." தோளைக் குலுக்கினான். "மாமாவுக்கு ஃபுட்டி தெரியாது. ஒவ்வொரு முறையும் எத்தனை கோல் அடித்தாய் என்று கேட்பார். நான் அடிக்கிற ஆள் இல்லை, அடிக்கவிடாத ஆள் என்று சொல்லிக் கொடுப்பேன். அடுத்த முறையும் எத்தனை கோல் என்றுதான் கேட்பார்."

சிரித்தான். அவன் சிரித்து நான் கண்டது அன்றுதான். பிறகு, "நீங்கள் எழுதப் போகிறீர்களா?" என்று கேட்டான்.

நான் ஏற்கனவே எழுதிவிட்டேன் என்று சொல்லவில்லை. "அம்மாவோடை கதைக்கிறன்" என்றேன்.

அன்று பின்னேரமே நோபல் பார்க்குக்குப் போனேன். அக்கா வேலை உடுப்போடு கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசற்படியில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்: கோவிலில் விசாரித்தது, சிறை என்று நினைத்தது, எழுதியது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தோட்டத்துக் குப்பைத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "நீங்கள் ஏதோ எழுதுவியள் எண்டு அண்டைக்கே தெரியும்."

"அக்கா, நான் திருத்தி எழுதுறன். சிறை இல்லை, தடுப்பு முகாம் எண்டு. குற்றம் ஒண்டும் இல்லை எண்டு. தாயைக் கூட்டிக்கொண்டு போன பெடியன் எண்டு தெரிஞ்சால் அவைக்கு அவனிலை இன்னும் மரியாதை வரும்."

"வேண்டாம்."

"அக்கா—"

"வேண்டாம் தம்பி. என்ரை தம்பியின்ரை அலுவல் இன்னும் முடியேல்லை. லோயர் மனுப் போட்டிருக்கிறார். இப்ப அவன்ரை கதை ஒரு கடுதாசியிலை ஏறினால் அது எங்கை எங்கை போகும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"கழகத்துக் கடுதாசி அங்கை போகாது."

"போகாது எண்டு நீங்கள் சொல்லுறியள்." குரல் உயரவில்லை. "நீங்கள் என்ரை வீட்டுக்கு வந்து ரோல்ஸ் சாப்பிட்டுப் போட்டுக் கோவிலிலை போய் விசாரிச்ச ஆள்."

நான் படியிலிருந்து ஒரு அடி கீழே இறங்கினேன்.

"பெடியன் விளையாடாட்டிப் படிப்பான்" என்றார். "இதை எழுதாதேங்கோ. எழுதினதையும் அழிச்சு விடுங்கோ." கதவை மெதுவாகச் சாத்தினார்.

அடுத்த நாள் தலைமைத் தேர்வாளரின் அறைக்குப் போனேன். அந்த மூன்று வசனத்தையும் எடுத்துவிடுங்கள், பிழையாக எழுதிவிட்டேன் என்றேன்.

"எது பிழை? காயம் உண்மையா?"

"காயம் இல்லை. ஆனால் காரணம் கெட்ட காரணம் இல்லை."

"மாமன் சிறையில் இல்லையா?"

"இல்லை."

"அப்ப எங்கே?"

"சொல்ல முடியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அந்தப் பட்டியைத் தன் கையாலேயே மேலே தூக்கி வைத்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். அல்லது நம்ப விரும்புகிறேன்.

"போன மாதம் ஒன்றை எழுதினாய்" என்றார். "இந்த மாதம் காரணம் சொல்லாமல் எடுக்கச் சொல்கிறாய். நடுவில் அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்த்தாயா?"

"பாத்தனான்."

"உன்னிடம் வந்து வேறொருவன் இப்படிச் சொன்னால் நீ நம்புவாயா?"

நம்பமாட்டேன். அதை அவருக்குச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அந்த வசனங்களை என் கண் முன்னாலேயே கணினியில் அழித்தார். ஆனால் எழுந்து போய்ப் பலகையைத் தொடவில்லை. வெளியே வரும்போது பார்த்தேன், அவன் பெயர் அடியிலேயே இருந்தது.

அதற்குப் பிறகான கிழமைகளில் எனக்கு வேறொரு சந்தேகம் பிடித்தது, என் மேலேயே. வேறு பெடியன் ஒருவனின் தாய் வேறு மொழியில் எதையோ குசினிக்குள் சொல்லியிருந்தால் நான் கோவில் வாசல்வரை போய் விசாரித்திருப்பேனா? போயிருக்கமாட்டேன். காயம் சந்தேகம் என்று ஒரு வரி எழுதிவிட்டு விட்டிருப்பேன். என் ஆளை நான் ஏற்றி எழுதவில்லை என்று காட்டத்தான் இவனை இவ்வளவு தோண்டினேன். தலைமைத் தேர்வாளர் அன்று கேட்ட கேள்விக்கு விடை அதுதான். அவருக்கு அதை நான் சொன்னதில்லை.

டிராஃப்டை ரிவியில் காட்டுவார்கள், இரண்டு மாலைகள். முதல் மாலை அவன் பெயர் வரவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டாவது மாலை அலுவலகத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் முறை இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் வேறு பெயர்களைச் சொன்னோம். இனி இல்லை என்று நினைத்த நேரத்தில் நாட்டின் மேற்குக் கரையில் இருக்கும் ஒரு கழகம் அவன் பெயரை வாசித்தது. வாசித்தவர் அந்த நீளமான பெயரில் இரண்டு இடத்தில் தடுக்கினார். திரையில் அவன் வீட்டு ஹோல் வந்தது. தகப்பன் எழுந்து நின்றார். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு கமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

எனக்கு முன்னால் இருந்த தலைமைத் தேர்வாளர் திரும்பாமலே, "எங்களுக்கு எப்படியும் பின்வரிசைக்காரன் தேவைப்படவில்லை" என்றார். எனக்காகச் சொன்னார் என்று தெரிந்தது. உண்மையா என்று தெரியவில்லை. பின்வரிசையில் எங்களுக்கு ஆள் குறைவு என்று ஜூனில் அவரே எழுதியிருந்தார்.

அக்காவை மறுபடி கண்டது அடுத்த வருடம் ஏப்ரலில், டண்டினோங்கில் எங்கள் சாமான் கடை ஒன்றில். மீன் பெட்டிக்கு முன்னால் நின்றார். ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவர் கண்டுவிட்டார்.

"தம்பி, எப்பிடி இருக்கிறியள்?"

"இருக்கிறன் அக்கா. உங்கடை தம்பி?"

எனக்குச் சொல்லலாமா என்று அளந்தார் என்று நினைக்கிறேன். "வெளியிலை விட்டிட்டினம்" என்றார். "ஆறு மாச விசா. இப்ப எங்களோடைதான். அதுக்குப் பிறகு என்ன எண்டு தெரியாது."

"சந்தோசம் அக்கா."

"சந்தோசமோ என்னவோ." கூடையை மற்றக் கைக்கு மாற்றினார். "உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். அவன் அங்கை போய் நாலு மாசம். இன்னும் பெரிய ஆட்டத்திலை விடேல்லை, ரெண்டாம் அணியிலைதான் விளையாடுறான். போனிலை எல்லாம் நல்லம் நல்லம் எண்டுதான் சொல்லுறான். அவன் நிலைப்பானோ? உங்களுக்குத்தானே தெரியும். உண்மையைச் சொல்லுங்கோ."

மீன்காரர் யாருக்கோ அறுக்குளா வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வருகிறதெல்லாம் ஒரேயொரு வேலை, அதைச் செய்தேன்.

"அக்கா, இடக்கால் உதை சரியில்லை. அங்கை எதிராளியள் அதைக் கண்டுபிடிச்சு அந்தப் பக்கத்துக்கே அவனைத் தள்ளுவினம். அதைத் திருத்த ஒரு வருசம் வேணும். இன்னும் ஏழெட்டுக் கிலோ போடவேணும். ஆனால் பந்து எங்கை வரப்போகுது எண்டு அவனுக்கு முதலே தெரியுது. அது பழக்கி வாறதில்லை. இந்த ஆறு வருசத்திலை அப்பிடி நான் கண்டது மூண்டு பேர். ஒருத்தன் இவன். பொறுமையாய் இருந்தால் நிலைப்பான்."

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"இதை உங்கடை ஆக்களுக்கும் எழுதினனீங்களோ?"

"மூண்டு பேர் எண்டு எழுதேல்லை."

"ஏன்?"

"கூட்டி எழுதிறன் எண்டு நினைப்பினம் எண்டு."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். மன்னித்தாரா, இல்லை என் சொல்லை மீனைப்போல் பழுதா என்று அமத்திப் பார்த்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. வரிசையில் அவருடைய இலக்கம் வந்தது. இரண்டு கிலோ பாரை கேட்டார், பெரிய துண்டாக வெட்டச் சொன்னார், தன் தம்பிக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றார். அதைச் சொன்னது மீன்காரருக்கா எனக்கா என்று தெரியவில்லை.

"இடக்கால் எண்டு அவனுக்குச் சொல்லிவிடுறன்" என்றார் போகும்போது. "நீங்கள் சொன்னதெண்டு சொல்லமாட்டன்."